செஞ்சோற்றுக் கடனும் மக்கட் பிரதிநிதியும்

ஊவாத் தோட்டங்களின் அரசியல் அனுபவத்தை முன்வைத்து ஓர் அறநோக்கு

தம்மைத் தெரிவு செய்த மக்கள், தமக்கு இடமளித்த கட்சி, தமது மனச்சான்று ஆகிய மூன்றுக்குமிடையே முரண்பாடு எழும்போது மக்கட் பிரதிநிதி ஒருவர் எதனைச் சார்ந்து நிற்றல் வேண்டும்? இவ்வினா அரசியலறிஞரின் நூல்களுக்கு மட்டும் உரியதன்று. பதுளை மாவட்டத்தில், ஏறத்தாழ 2,000 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் அது நெடுங்காலமாக எழுந்து வந்துள்ளது. ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழும் இரு குடும்பங்கள் இரு வேறு சங்கங்களுக்குச் சந்தா செலுத்துதல் அங்கு புதுமையன்று. கொழும்பிலே தலைவர் இருவர் முகந்திருப்பிக் கொண்டால், பிரட்டுக்களத்திலே தொழிலாளர் இரு பிரிவாக நிற்கும் நிலை ஏற்படுகின்றது.

இத்தகைய பிளவுகள் குறித்து இருவகைத் தீர்ப்புகளே பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. கட்சியை விட்டு விலகியவர் துரோகி என்பது ஒன்று. விலகாது இருந்தவர் அடிமை என்பது மற்றொன்று. இவ்விரு தீர்ப்புகளும் விலகினாரா, நின்றாரா என்பதை மாத்திரமே நோக்குகின்றன. விலகலின் விலையையும் நிற்றலின் விலையையும் செலுத்தியவர் யாவர் என்பதை அவை நோக்குவதில்லை. அவ்வினாவை முன்வைத்து, ஊவாவையும் அதனை உள்ளடக்கிய மலையகத்தையும் ஆராய்தல் பயனுடையதாகும்.

வீடணனும் கும்பகருணனும்

தமிழ்ப் பட்டிமன்றங்கள் ஓயாது விவாதித்த பொருள்களுள் ஒன்று வீடணன் செயல் அறமா என்பது. கம்பர் காட்டும் இலங்கையில் இராவணனுக்குத் தம்பியர் இருவர். இருவருமே அண்ணன் செய்தது தவறு என்பதை அவைக்களத்தில் எடுத்துரைத்தனர். அறிவுரை ஏற்கப்படாதபோது ஒருவன் விலகி எதிரணி சேர்ந்தான். மற்றவன் தோல்வி உறுதியென அறிந்தும் அண்ணனுக்காகப் போர்க்களம் புகுந்து மாண்டான். ஒருவன் அறத்தின்பால் நின்றான் எனவும், மற்றவன் செஞ்சோற்றுக் கடன் கழித்தான் எனவும் புலவர் கூறுவர்.

ஈண்டு இரு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, இருவரும் மௌனமாக இருந்துவிட்டுப் பின்னர் முடிவெடுத்தவரல்லர். அவையிலே உண்மையைச் சொன்ன பின்னரே ஒருவன் விலகினான், மற்றவன் நின்றான். இரண்டாவது, இருவருள் வீடணன் பெயரிலேயே ஐயம் படிந்துள்ளது. அவனுடைய நியாயம் வலிதாயிருந்தும் அவ்வையம் நீங்காமைக்குக் காரணம், விலகலின் முடிவில் அவன் தலையிலே முடி அமர்ந்தமையாகும். கும்பகருணன் பிழையான பக்கத்தில் நின்றவனாயினும் மதிக்கப்படுகின்றான். தன் முடிவுக்கான விலையைத் தானே செலுத்தினான் என்பதே அதற்குக் காரணம். பக்கம் எது என்பதைப் போலவே, விலை யாருடையது என்பதும் தமிழ் மனத்தின் அறத்தீர்ப்பில் இடம்பெறுகின்றது.

எனினும் இவ்வுவமையை அரசியலுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. கும்பகருணன் உண்ட சோறு இராவணனுடையது. மக்கட் பிரதிநிதி உண்ணும் சோறு யாருடையது? வேட்பாளர் பட்டியலில் இடந்தந்த தலைவருடையது எனக் கட்சி கூறும். தோட்டத் தொழிற்சங்கத்தின் வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது. சங்கத்தின் அலுவலகமும், வாகனமும், வழக்குச் செலவும், பிரதிநிதிகளின் சம்பளமும் தொழிலாளியின் மாதச் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்ட சந்தாவிலிருந்து வந்தவை. செஞ்சோற்றுக் கடன் என்னும் அறத்தை ஏற்பவர், அச்சோறு கொழுந்துக் கூடையிலிருந்து வந்தது என்பதையும் ஏற்றல் வேண்டும். கடன் தலைவருக்கன்று, கூடை சுமந்தவருக்கே என்பது அதிலிருந்து பெறப்படும்.

மனச்சான்றின் வாதம்

பிரதிநிதி தமது மனச்சான்றுக்கே கட்டுப்பட்டவர் என்னும் வாதத்தைத் தெளிவாக முன்வைத்தவர் டப்ளினில் பிறந்த எட்மண்ட் பேர்க் ஆவார். 1774 நவம்பரில் பிரிஸ்டல் நகர வாக்காளர் முன் அவர் ஆற்றிய உரையின் சாரம், பிரதிநிதி மக்களுக்குத் தமது உழைப்பை மட்டுமன்றித் தமது தீர்ப்பையும் கடன்பட்டுள்ளார் என்பதாகும். மக்களின் கருத்துக்காகத் தமது தீர்ப்பைக் கைவிடுபவர் அவர்களுக்குச் சேவை செய்பவராகார் என்பது அவருடைய நிலைப்பாடு.

பேர்க் சொன்னபடியே நடந்தார். அயர்லாந்தின் வர்த்தகத்துக்கு விதிக்கப்பட்ட தடைகளைத் தளர்த்துவதையும் கத்தோலிக்கருக்குச் சலுகை வழங்குவதையும் அவர் ஆதரித்தார். பிரிஸ்டல் வணிகர் அதனை விரும்பவில்லை. 1780இல் அத்தொகுதியில் ஆதரவிழந்து அவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. இதுவரை இக்கதை மனச்சான்றின் வெற்றியாகவே தோன்றும். ஆயின் அதன் பிற்பகுதி அத்துணை அடிக்கடி சொல்லப்படுவதில்லை. பிரிஸ்டலை இழந்த பேர்க் மோல்டன் என்னும் சிறு தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் திரும்பினார். அத்தொகுதி அவருடைய கட்சித் தலைவரான றொக்கிங்ஹம் பிரபுவின் கைக்குள் இருந்தது. வாக்காளரிடமிருந்து விடுதலை பெற்ற மனச்சான்று புரவலர் ஒருவரின் நிழலில் தங்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. பிரதிநிதி ஒருவர் எவரையும் சாராது நிற்றல் அரிது. மக்களைச் சாராதவர் வேறெவரையோ சார்ந்திருப்பார். அன்றியும், பேர்க்கின் வாதம் வலிமை பெறுவது அவரை நீக்கும் அதிகாரம் வாக்காளரிடம் இருந்தமையாலேயாகும். நீக்கப்படத் தக்கவரே மனச்சான்றைப் பற்றிப் பெருமையுடன் பேசும் தகுதியுடையவர். மக்களிடம் அவ்வதிகாரம் இல்லாவிடில், மனச்சான்று என்பது பிரதிநிதி தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் சான்றிதழாகிவிடும். மலையகத்தில் நேர்ந்தது அத்தகைய நிலைமையே.

வாக்கிழந்தோரின் வாக்கு

1939 ஜூலையில், ஜவஹர்லால் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோற்றம் பெற்றது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அக்கட்சி ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும், பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையாவும் அவ்வெழுவருள் அடங்குவர். ஊவாத் தோட்டத் தொழிலாளிக்குத் தன் வாக்கினால் பாராளுமன்றத்தில் ஓரிடத்தை நிரப்ப முடியும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

அம்மெய்ப்பிப்பு நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் இந்திய வம்சாவளியினருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1952இல் காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது; அவ்வாண்டுத் தேர்தலில் அக்கட்சியின் சார்பில் ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை. பதுளையில் 1947இல் வாக்களித்த தொழிலாளி 1952இல் வாக்குச் சாவடிக்கு வெளியே நின்றான்.

வாக்குப் போயினும் பிரதிநிதித்துவத்தின் தேவை போகவில்லை. நாடாளும் மன்றத்தில் இடமில்லாத மக்களுக்காகப் பேசும் பொறுப்புத் தொழிற்சங்கத்தின் மேல் விழுந்தது. காங்கிரசின் தொழிற்சங்கம் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாறியது. வாக்குச் சீட்டு இல்லாத தொழிலாளியிடம் சந்தாப் படிவம் ஒன்று எஞ்சியிருந்தது. ஒரு சங்கத்துக்குரிய சந்தாவை நிறுத்தி மற்றொன்றின் படிவத்தில் ஒப்பமிடுதல் அவனால் இயலும். தலைவரை நீக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை. தலைவரை விட்டு நீங்கும் அதிகாரம் இருந்தது. நிறுவனம் ஒன்றில் அதிருப்தியுற்றோர்க்குரிய வழிகளாகக் குரலெழுப்பலையும் விலகலையும் பொருளியலறிஞர் அல்பேட் ஹேர்ஷ்மன் 1970இல் பகுத்து ஆராய்ந்தார். குரலுக்கு வழி அடைபட்ட இடத்தில் விலகலே பேச்சாகும். அவ்வகையில் சந்தா வாக்கற்றவனின் வாக்காயிற்று.

இவ்வுண்மையை மனத்திற் கொள்ளாது, தொழிற்சங்கப் பிளவுகள் யாவும் தீமையே எனக் கூறுதல் பொருந்தாது. தோட்டத்தில் ஒரேயொரு சங்கம் இருந்திருப்பின் தொழிலாளியிடமிருந்த அந்த இறுதி அதிகாரமும் அற்றுப் போயிருக்கும். மாற்றுச் சங்கத்தின் படிவம் பக்கத்துக் காம்பராவில் இருந்தமையாலேயே முதற் சங்கத்தின் பிரதிநிதி அவனது முறைப்பாட்டுக்குச் செவிசாய்த்தார் என்பதும் ஓரளவு உண்மையாகும்.

ஒற்றுமை என்னும் ஆயுதம்

ஆயினும் எதிர்வாதமும் வலிது. வறியவனுக்குத் தொகையைத் தவிர வேறு பலமில்லை. நிலமும் மூலதனமும் சட்டமும் மறுபக்கத்தில் இருக்கையில், எண்ணிக்கையும் கட்டுப்பாடுமே அவனுடைய கருவிகள். கட்டுப்பாடு குலைந்தால் எண்ணிக்கை பயனற்றதாகும்.

பேர்க் பிறந்த நாட்டிலே, அவர் மறைந்து நூறாண்டு செல்லுமுன் இவ்வாதம் சோதிக்கப்பட்டது. தனக்கெனப் பாராளுமன்றம் இல்லாத அயர்லாந்தின் உறுப்பினர்கள் இலண்டனில் சிறுபான்மையினராக அமர்ந்திருந்தனர். சார்ள்ஸ் ஸ்டுவேட் பார்னல் அவர்களை ஒரு கட்டுப்பாட்டின் கீழ்க் கொணர்ந்தார். கட்சியுடன் இணைந்து வாக்களிப்பதாக ஒவ்வொரு வேட்பாளரும் உறுதிமொழி வழங்க வேண்டியிருந்தது. பேர்க் போற்றிய தனித்தீர்ப்பை இவ்வுறுதிமொழி மறுத்தது. ஆயின் அதன் பயனாகவே பெருங்கட்சிகள் அயர்லாந்தின் கோரிக்கையைப் பொருட்படுத்தின. 1890 திசம்பரில், தலைவரின் தனிவாழ்வு குறித்த சர்ச்சையால் அக்கட்சி பிளந்தது. மறு ஆண்டே பார்னல் இறந்தார். எனினும் 1900ஆம் ஆண்டு வரை பிளவு ஆறவில்லை. தலைவரைப் பற்றிய சர்ச்சை தலைவருக்குப் பின்னும் வாழ்ந்தது. அப்பத்தாண்டுகளின் நட்டத்தைச் சுமந்தவர் அயர்லாந்தின் குடியானவரே.

மலையகத்தில் இதற்கு ஒப்பானது தொண்டமானுக்கும் அ. அஸீசுக்கும் இடையிலான போட்டியாகும். இருவருமே இயக்கத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தவர்கள். 1952 சத்தியாக்கிரகத்தில் ஒரே அணியில் நின்றவர்கள். 1956இல் அஸீஸ் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனியே அமைந்தது. 1965இல் வி. கே. வெள்ளையன் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசிலிருந்து விலகித் தொழிலாளர் தேசிய சங்கத்தை நிறுவினார். 1947இல் தலவாக்கலையின் உறுப்பினராயிருந்த வேலுப்பிள்ளையும் அச்சங்கத்தில் இணைந்து செயற்பட்டார்.

இப்பிளவுகளில் நியாயம் யார் பக்கம் என வினவுவோர் உடனடி விடை பெறல் அரிது. தனி மனிதரின் விருப்பு வெறுப்புகளும், இடதுசாரிச் சார்பு பற்றிய கருத்து வேறுபாடுகளும், சங்கத்துக்குள் சனநாயகம் வேண்டும் என்னும் கோரிக்கையும் அவற்றிலே கலந்திருந்தன. ஆயின் விலையைப் பற்றிய வினாவுக்கு விடை தெளிவு. பிரிந்த தலைவர்களுக்குத் தனித்தனிச் சங்கங்கள் கிடைத்தன. பிரிந்த தோட்டங்களுக்கோ, ஒரு சங்கத்தார் வேலைநிறுத்தம் செய்கையில் மற்றச் சங்கத்தார் மலைக்குச் செல்லும் நிலைமை கிடைத்தது. இழக்கப்பட்ட நாட்சம்பளமும் அயலவர் பகையும் தொழிலாளியின் கணக்கிலேயே எழுதப்பட்டன.

போட்டியுற்ற சங்கங்கள் ஒன்றுபட்டபோது நிகழ்ந்ததையும் நோக்குதல் தகும். 1984 ஏப்ரலில் பல சங்கங்கள் கூட்டாக நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னர் ஆண், பெண் தொழிலாளரின் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. கொழுந்து பறிப்போருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் ஒரே நாள் உழைப்புக்குக் குறைந்த கூலி பெற்ற அநீதி, அவர்களுடைய சந்தாவைப் பெற்ற சங்கங்கள் எத்தனையோ ஆண்டுகள் போட்டியிட்ட பின்னரே நீங்கியது. பிளவு தொழிலாளிக்கு விலகும் உரிமையை அளித்தது. இணைவே அவளுக்குச் சம்பளத்தை அளித்தது. இவ்விரண்டும் மறுக்கவியலாதன.

நியமனமும் நன்றியும்

வாக்கிழந்த காலத்தில் மலையகத்தின் குரல் பாராளுமன்றம் சென்ற வழி நியமனமாகும். சோல்பரி அரசியலமைப்பின்படி ஆறு உறுப்பினர் பிரதமரின் ஆலோசனையில் நியமிக்கப்பட்டனர். தொண்டமான் 1960இல் சிறீலங்கா சுதந்திரக் கட்சி ஆட்சியிலும், 1965இல் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியிலும் நியமனம் பெற்றார். 1970இல் ஐக்கிய முன்னணி அரசு அஸீசை நியமித்தது. ஆட்சி மாற மலையகத்தின் பிரதிநிதியும் மாறினார்; மாற்றிய கை மலையக மக்களுடையதன்று.

இந்நிலை மோல்டன் தொகுதியின் பேர்க்கை நினைவூட்டுவது. இடத்தை வழங்கியவர் ஒருவர். எவர் பெயரால் அவ்விடம் வழங்கப்பட்டதோ அவர் வேறொருவர். நன்றி யாருக்கு உரியது என்னும் வினா அங்கே கூர்மையடைகின்றது. அக்காலத்திலேயே அம்மக்களின் தலைவிதி எழுதப்பட்டது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனவும், எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் எனவும் அது கூறிற்று. 1974இல் அவ்வெச்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. ஏழுக்கு நான்கு என்னும் விகிதம் குடும்பங்களையும் ஊடறுத்தது. தாய் ஒரு கரையிலும் மகள் மறு கரையிலுமாகப் பிரிந்தனர். ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டோர் இரு அரசுகளின் தலைவர்கள். எண்ணப்பட்டோர் ஒப்பமிடும் தரப்பினராகக் கொள்ளப்படவில்லை.

இதற்கு நியமன உறுப்பினரைக் குற்றங்கூறுதல் எளிது, நீதியாகாது. அவர்களிடம் ஒப்பந்தத்தைத் தடுக்கும் பலம் இருக்கவில்லை. ஆயின் தலைவரிடையிலான போட்டி அப்பலவீனத்தை மிகுவித்தது என்பதை மறுத்தலும் அரிது. ஒருவரை நியமிக்க மறுத்தால் மற்றவர் காத்திருக்கின்றார் என்னும் நிலையில் அரசு எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அமைச்சரவையும் எரிந்த நகரும்

கட்சிப் பற்றின் அறத்தை மிகக் கடுமையாகச் சோதித்த காலம் 1976க்கும் 1988க்கும் இடைப்பட்டதாகும். தமிழர் கட்சிகள் 1970களில் ஒன்றிணைந்தபோது தொண்டமான் அக்கூட்டணித் தலைவர்களுள் ஒருவராயிருந்தார். 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. தோட்ட மக்களோ சிங்கள மக்கள் சூழ வாழ்பவர்கள். அத்தீர்மானத்தை அவர்களுக்கு உரியதாகக் கொள்ள இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உடன்படவில்லை. 1977இல் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் வென்ற தொண்டமான் 1978இல் அமைச்சரவையில் இணைந்தார். வடக்கின் நோக்கில் இது வீடணன் செயல். மலையகத்தின் நோக்கில் நிலத்தின் நிலைமையை உணர்ந்த செயல்.

1983 ஜூலையில் பதுளை நகரிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்நகரத்துக்கு மேலேயுள்ள மலைகளில் தொழிலாளர் அச்சத்துடன் இரவுகளைக் கழித்தனர். அவர்களுடைய தலைவர் அரசைவிட்டு விலகவில்லை. அமைச்சில் நீடித்தல் மானமிழப்பு என ஒரு சாராரும், வெளியேறினால் தோட்ட மக்களுக்கு அரணே இல்லை என மறுசாராரும் வாதிட்டனர். 1986 ஜனவரியில் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கம் நடத்திற்று. அவ்வாண்டிலும் 1988இலும் நிறைவேறிய சட்டங்கள் நாடற்றோருட் பெரும்பாலோர்க்குக் குடியுரிமை வழங்கின. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிற்று. நாற்பதாண்டுகளுக்கு முன் பறிபோன வாக்கு ஊவாவுக்குத் திரும்பியது.

விளைவு நன்றாயின் செயலும் நன்றெனக் கொள்ளலாமா? கொள்ளலாமெனின் வெற்றி பெற்றோர் யாவரும் அறவோராவர். விளைவைவிட நம்பத்தக்க அளவுகோல் விலையே. அமைச்சரவையில் நீடித்தமைக்குத் தலைவர் செலுத்திய விலை நற்பெயர். தொழிலாளி செலுத்திய விலை, எரிந்த நகருக்காகத் தன் குரலை உயர்த்திப் பேசவல்லார் அரசுக்குள்ளே கட்டுண்டிருந்தமை. பெற்ற பயன் குடியுரிமை. அது தொழிலாளியின் கையிலேயே சேர்ந்தது. இக்கணக்கை அவரவர் வெவ்வேறாகக் கூட்டிக் கழிக்கலாம். ஆயின் இவ்வாறு கணக்கிட இடமுண்டு என்பதே இச்செயலை வெறும் பதவி ஆசையிலிருந்து வேறுபடுத்துகின்றது.

விருப்பு வாக்கும் புதிய போட்டியும்

வாக்குத் திரும்பிய காலத்தில் தேர்தல் முறையும் மாறியிருந்தது. 1989 முதல் பாராளுமன்ற உறுப்பினர் மாவட்ட வாரியாக, விகிதாசார முறையிலும் விருப்பு வாக்கினாலும் தெரிவாகின்றனர். வாக்காளர் ஒரு கட்சியின் பட்டியலுக்கு வாக்களித்து, அப்பட்டியலுள் மூவருக்கு வரை விருப்பைத் தெரிவிக்கலாம். இதன் விளைவாக வேட்பாளரின் மிக நெருங்கிய போட்டியாளர் அவருடைய சொந்தப் பட்டியலிலேயே இருக்கின்றார். அயர்லாந்திலும் ஒரே கட்சியினர் ஒரே தொகுதியில் ஒருவரோடொருவர் போட்டியிடுவது வழமை. எனினும் அங்கு ஒருவருக்குத் தேவைப்படாத வாக்கு வாக்காளர் குறித்த வரிசைப்படி அடுத்தவருக்கு மாற்றப்படும். இலங்கையில் அம்மாற்றமில்லை, சிதறியது சிதறியதே. தமிழ் வாக்காளர் சிறுபான்மையினராயுள்ள பதுளை மாவட்டத்தில், தமிழ் வேட்பாளர் மிகுந்தால் ஒருவரும் தெரிவாகாது போகலாம் என்னும் அச்சம் ஒவ்வொரு தேர்தலிலும் எழுகின்றது.

2020ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலிலிருந்து வடிவேல் சுரேசும் அ. அரவிந்தகுமாரும் பதுளையில் தெரிவாகினர். அரவிந்தகுமார் மலையக மக்கள் முன்னணியைச் சேர்ந்தவர். அம்முன்னணி 2015இல் உருவான தமிழ் முற்போக்குக் கூட்டணியின் அங்கம். 2020 அக்டோபர் 22ஆம் நாள் இருபதாம் திருத்தத்துக்கு எதிராக வாக்களிப்பது கூட்டணியின் நிலைப்பாடு. அரவிந்தகுமார் ஆதரவாக வாக்களித்தார். கூட்டணி அவரை இடைநிறுத்தியது. 2022இல் அவர் கல்வி இராசாங்க அமைச்சரானார். ஒருவரின் உள்நோக்கத்தை வெளியிலிருந்து அளத்தல் எவர்க்கும் இயலாது. அரசுக்குள் நின்றாலன்றித் தோட்டப் பாடசாலைக்கு எதுவும் கிடையாது என்னும் வாதம் பொய்யென ஒதுக்கத்தக்கதுமன்று. ஆயின் பட்டியலுக்கு வாக்களித்த தொழிலாளி எதிரணிக்கே வாக்களித்தான் என்பதும் உண்மை. விலகுமுன் அவனிடம் கேட்கப்பட்டதா என்பதே அற வினா. இவ்வினா, இடைநிறுத்திய கட்சிகளையும் சாரும். பிரதிநிதியை நீக்குமுன் எந்தக் கட்சி தோட்டத்துக்குச் சென்று வாக்காளரிடம் கேட்டது?

போட்டி எதனைப் பற்றியது என்பதும் விலையின் ஒரு பகுதியாகும். 2014 செப்டெம்பர் 20ஆம் நாள் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு கற்பித்தல் முறையன்று. எனினும் ஒரு தேர்தற் காலம் முழுவதும் யார் யாருடன் சேர்ந்தார், யார் யாரை விட்டுப் பிரிந்தார் என்பது பேசப்படுகையில், பாதுகாப்பான நிலத்தில் வீடு என்பது எத்தனை மேடைகளில் முதற் பொருளாயிற்று என்னும் வினா நியாயமானதே.

முடிபு

இதுவரை கூறியவற்றிலிருந்து சில தெளிவுகள் பெறப்படும். கட்சிக் கட்டுப்பாடு பலமற்றோரின் ஆயுதம். ஆதலின் அதனை அற்பக் காரணத்துக்காக உடைப்பவர் பிறருடைய ஆயுதத்தை உடைக்கின்றார். விலகும் உரிமை பலமற்றோரின் இறுதி வாக்கு; ஆதலின் பிளவு என்னும் சொல்லைக் காட்டி அதனை அடைப்பவர் பிறருடைய வாக்கைப் பறிக்கின்றார். இவ்விரண்டுக்குமிடையே பொதுவிதி ஒன்று வகுத்தல் இயலாது. ஆயின் ஒவ்வொரு நிகழ்விலும் கேட்கத்தக்க வினாக்கள் உள. கருத்து வேறுபாடு முதலில் அவையிலே சொல்லப்பட்டதா? பயன் யார் கையிற் சேர்ந்தது? இழப்பு யார் சம்பளத்திற் கழிந்தது? தலைவருக்குப் பயனும் தொழிலாளிக்கு இழப்பும் ஆகுமிடத்து, விலகலும் அறமன்று, நிற்றலும் அறமன்று.

இக்கணக்கைத் தலைவரே எழுதித் தலைவரே சரிபார்க்கும் வரை வினாக்களால் பயனில்லை. கணக்கைக் கேட்கும் இடம் தோட்டத்திலேயே இருத்தல் வேண்டும். இதற்கு முன்மாதிரி ஊவாவிலேயே உண்டு. 1940இல், பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜக் கட்சியினரின் சங்கம் வழிநடத்திய வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தாமே தெரிவு செய்தனர். தோட்டத்துரை அச்சபையுடன் கலந்து செயற்பட உடன்பட நேர்ந்தது. அடக்குமுறையால் அப்போராட்ட அலை அடங்கிற்று. எனினும், குடியுரிமைச் சட்டங்களுக்கு முன்னரே, எழுத்தறிவு பரவுமுன்னரே, பிரதிநிதியைத் தம் கண்முன் வைத்துக் கேள்வி கேட்கும் ஆற்றல் அம்மக்களிடம் இருந்தது என்பதற்கு அது சான்று.

2024 நவம்பர் 14ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில், அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராசும் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் பதுளையிலிருந்து தெரிவாகினர். மலையகத்துக்கெனத் தனியே அமைந்த கட்சிகளை விட்டு, நாடளாவிய கட்சியொன்றினூடாகப் பிரதிநிதிகளை அனுப்ப வாக்காளர் பலர் இத்தேர்தலில் விரும்பினர். பெரிய கட்சிக்குள் சிறிய மக்களின் குரல் கரைந்துவிடாதா என்னும் ஐயமும், சிறிய கட்சிகளின் பூசலிலிருந்து விடுதலை கிடைத்தது என்னும் நிறைவும் ஒருங்கே எழுந்துள்ளன. இரண்டையும் காலம் சோதிக்கும். சோதிக்கும் முறை மட்டும் பழையதே. நமுனுகுலவின் சரிவுகளில் அந்திப் பொழுதில் கொழுந்து நிறுக்கப்படும்போது தராசின் முள்ளைப் பறித்தவளும் பார்க்கின்றாள்; நிறுப்பவர் மாத்திரம் பார்ப்பதில்லை. அரசியலிலும் அவள் அவ்வாறே பார்க்கப் பழகுவாளாயின், செஞ்சோற்றுக் கடன் உரியவருக்கே திரும்பும்.